பாட்டை யார் எடுத்துக் கொடுப்பாங்க?

எந்த ஊருக்குப் போனாலும், வேனிலிருந்து பெட்டிகளை இறக்குகிற நேரத்திலேயே நான் விசாரிப்பது ஒன்றுதான்: "இங்கே கோயில்ல பாட்டை யார் எடுத்துக் கொடுப்பாங்க?" பெரும்பாலும் ஒரு அம்மாவைக் கைகாட்டுவார்கள். பூ கட்டிக்கொண்டோ மீன் ஆய்ந்துகொண்டோ இருப்பார். அவரை இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டுவிட்டால் அந்த ஊர் எந்தக் கட்டையில் பாடும் என்று தெரிந்துவிடும். எங்கள் இசைக்குழுவின் பாடகருக்கு உச்சத்தில்தான் குரல் ஜொலிக்கும். பாட்டுகளைப் பதிவு செய்ததும் அந்தச் சுருதியில்தான். ஜனங்களுக்கு அது எட்டாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு கீழே தட்டிவிடுவேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். ஆனாலும் கூட்டம் வாய் திறந்து பாட ஆரம்பித்ததும் அவர் முகமே மாறிவிடும்.

ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடுகிற நாள்தான் எங்களுக்கு வேலை நாள். ஜூலை 26-ல் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை நகரமே விழித்திருக்கும். செப்டம்பர் 14 மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா. வேம்பார், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, பெரியதாழை என்று கடலை ஒட்டியே ஓடும் எங்கள் வேன், இடையிடையே உள்ளே திரும்பி நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கம் ஊரே சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைகளுக்குப் போகும். கரையில் கத்தோலிக்கரின் மாதா பாட்டு, உள்ளே செம்மணல் தேரிப் பக்கம் புரோட்டஸ்டண்ட் சபையாரின் கீர்த்தனை. வேனில் இரண்டு சபையாரின் பாட்டுப் புத்தகமும் ஒரே பையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடற்கரையில் ஆள் இருக்கும், கையில் காசு இருக்காது. அந்த நாட்களில் அங்கே பாடப் போனால் தொகை பேசுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

உப்புக் காற்று கருவிகளைத் தின்றுவிடும். ஜாக் பின்கள் பச்சை பிடித்துக் கரகரக்கும். மிக்ஸரின் ஃபேடருக்குள் மணல் புகுந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மைக்குக்குக் கர்ச்சீப்பைச் சுற்றித்தான் பாட வேண்டும். தொண்டைக்கு என்னத்தைச் சுற்றுவது? சுக்கும் மிளகும் போட்ட வெந்நீர் பிளாஸ்க் எப்போதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும்.

தொண்டை கட்டும்போதெல்லாம் எனக்குப் புனித சவேரியார் நினைவுக்கு வருவார். 1530-களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்ற இந்த முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்தவர் அவர். மொழி தெரியாது. உதவிக்கு ஆள் வைத்துத் தமிழில் ஜெபங்களை எழுதி மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஊர் ஊராக நடந்து சொல்லிக் கொடுத்தார். 1544 ஜனவரியில் ரோமிலிருந்த தம் சபைச் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதையும், திரும்பத் திரும்பச் சொல்லிக் குரலே எழும்பாமல் போனதையும் எழுதியிருக்கிறார். அவர் பாடகர் இல்லை. ஆனால் அவர் சொல்ல ஜனங்கள் திருப்பிச் சொன்னார்கள். இந்தக் கரைக்கு வந்துபோகிற எவருக்கும் வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் விஷயமும் அப்படித்தான். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். அரசவையில் பெயர் பெற்றிருந்தும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். தமிழ் மெட்டில் கட்டிய பாட்டை ஆராதனைக்குள் விடுவதா என்று அக்கால மிஷனெரிமார் சிலரோடு அவருக்குத் தகராறே இருந்தது. 1864-ல் மறைந்தார். இன்றும் அசனப் பந்தலில் அவர் கீர்த்தனையின் பல்லவியை நான் வாசிக்கத் தொடங்கினால் போதும். குழம்பு கிண்டுகிற அண்ணாச்சி கரண்டியை நிறுத்தாமலே அனுபல்லவிக்குப் போய்விடுவார்.

எங்களுக்கு மிகக் கடினமான இடம் சப்பரப் பவனி. மினி லாரியில் ஜெனரேட்டர், அதன் மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள், நடுவில் நாங்கள். லாரி முன்னால் போகும்; சப்பரமும் ஜனங்களும் பின்னால். நீளமான தெருவில் கடைசி வரிசை முந்நூற்றைம்பது மீட்டர் தள்ளி நிற்கும். எங்கள் சத்தம் அங்கே போய்ச் சேரவே ஒரு விநாடி ஆகும். அவர்கள் பாடுவது எங்களுக்குக் கேட்க இன்னொரு விநாடி. முன்னே ஒரு பாட்டு, பின்னே ஒரு பாட்டாகிப் பவனி கலைந்துவிடும். வேகமான தாளம் இங்கே எடுபடாது. வரியின் கடைசிச் சொல் நீண்டு நிற்கிற பாட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு வரி முடிந்ததும் தபேலாவை மட்டும் ஓடவிட்டு, பின்வரிசை வந்து சேரக் காத்திருந்து, பிறகே அடுத்த வரி. எங்கள் பாடகர் பவனியில் மைக்கைப் பார்த்துப் பாடுவதே இல்லை. லாரியின் பின்பக்கம் திரும்பி நின்று, கடைசியில் வருகிற பெண்களின் மெழுகுதிரி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார்.

இப்போது பல இடங்களில் மேடை மாறிவிட்டது. எல்இடி திரை, ஆளுயர ஸ்பீக்கர் அடுக்கு, புகை. நெஞ்சில் இடிக்கிற பேஸ். ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள், பாடுவதில்லை. நாங்களும் அந்த மேடைகளில் வாசித்தோம். தேரிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆச்சி ஒருவர் மேடை ஓரத்துக்கு வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்கய்யா. நாங்க பாடுறது எங்களுக்கே கேக்க மாட்டேங்கு." அன்று முதல் சத்தம் விஷயத்தில் விழாக் குழுவோடு சண்டை போடுவதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். "அவ்வளவு பணம் கொடுத்து செட் எடுத்திருக்கோம், அண்ணே" என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊரில் வரி போட்டுத் திருவிழா நடத்துகிறவர்களுக்குப் பக்கத்து ஊரைவிட ஒரு படி மேலே நிற்க ஆசை இருக்கும்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் வீட்டாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியது அபூர்வம். மகள் சின்னவளாக இருந்தபோது, மற்றவர்களின் அப்பாக்கள் பண்டிகைக்கு வீட்டுக்கு வருகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. இப்போது லீவு நாட்களில் எங்களோடு வேனில் வருகிறாள்; எங்கள் பாட்டு நோட்டில் ஊர்ப் பெயருக்கு எதிரே அந்த ஊரின் கட்டையை எழுதி வைப்பது அவள் வேலை.

ஒத்துக்கொள்வதற்கு முன்பே விழாக் குழுவிடம் ஒன்று சொல்லிவிடுகிறோம். மாலை நான்கு மணிக்கே வந்துவிடுவோம். உங்கள் பாடற்குழுவை வரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து நிற்கும் பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்த்து, மேடையின் முன்வரிசையில் அவர்களை நிறுத்துகிறோம். நடு மைக் பாட்டு எடுத்துக் கொடுக்கிற அம்மாவுக்கு. எங்கள் பாடகர் ஓரத்து மைக்கில் நின்றுகொள்கிறார். இதற்குச் சம்மதிக்காத ஊர்களும் உண்டு. அங்கே நாங்கள் போவதில்லை.