மெருகும் துருவும்

தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. எங்கள் கொடுங்கையூர்ப் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். வாழ்நாளெல்லாம் வாடகைக் கார் ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பாஸ்கா காலத்தின் இரண்டாம் வாரத்தில் அவருடைய கடைசி மகளுக்குத் திருமணம். ஓலை வாசிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். அவரோ, "சாமி, நீங்க வந்து ஒருதரம் வண்டியப் பாக்கணும். பொண்ணு அதுலதான் கோயிலுக்கு வரணும். நீங்கதான் மந்திரிக்கணும்" என்றார்.

மறுநாள் சென்று பார்த்தேன். வீட்டுச் சுவரை ஒட்டி, தார்ப்பாயின் அடியில் நின்றிருந்தது 1984 ஆம் ஆண்டின் அம்பாசிடர். கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1950களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய அக்காரின் உற்பத்தி, 2014 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. இந்தக் கார் பல்லாண்டுகள் துறைமுகத்து வாயிலில் கப்பல்காரர்களுக்காகக் காத்துக் கிடந்தது. பிறகு ஒன்பது ஆண்டுகள் அசையாமல் இவ்வீட்டில் நின்றது. என்ஜின் ஓடியது. மகன் வண்ணமும் அடித்துக் கொடுத்துவிட்டான். ஆனால் முன்னும் பின்னும் இருந்த பம்பர்கள், சக்கர மூடிகள், விளக்கு வளையங்கள் ஆகிய குரோமியம் பூசிய பகுதிகள் யாவும் மங்கிப் பழுப்பேறியிருந்தன. கடலின் உப்புக்காற்று, மணலியின் ஆலைப்புகை, நம் குப்பைமேடு பற்றி எரிந்த நாள்களின் புகை ஆகிய மூன்றையும் சுவாசித்த உலோகம் வேறெப்படி இருக்கும்?

"வாடகைக்குப் பெரிய வண்டி பேசலாம்னு பையன் சொல்றான். இவள வளத்தது இந்த வண்டிதான் சாமி" என்றார் பெரியவர்.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குரோமியத்தைத் துலக்கும் வேலை எனக்குக் குருமடத்துக்கு முன்பே பழக்கமானது. எண்ணூரில் 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்சும், திருவொற்றியூரில் 1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையும் வடசென்னையின் முகத்தையே மாற்றின. அத்தகைய பெருந்தொழில்கள் வளர்ந்த பகுதியில், லேத்துப் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் முலாம் பட்டறைகளும் சிறு சந்துகளில் முளைத்தன. அவ்வாறான ஒரு முலாம் பட்டறையில்தான் என் தந்தை இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். சனிக்கிழமை மாலைகளில் அவர் எங்கள் ஊர் ஆலயத்துக்குச் சென்று, பீடத்தின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் பிராசோ கொண்டு துலக்குவார். துணியைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. "தேய்க்கிறதால எதுவும் சேராதுடா. குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையலாம்னு தெரிஞ்சவன்தான் வேலக்காரன்" என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

அச்சொல்லின் உண்மையைக் குரோமியத்தில் தெளிவாகக் காணலாம். 1797 இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்த தனிமம் இது. அதன் சேர்மங்கள் பல நிறங்களில் ஒளிர்வதால், நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாலேயே பெயர் பெற்றது. காரின் பம்பர் குரோமியத்தால் ஆனதன்று, எஃகால் ஆனது. எஃகின்மீது நிக்கல் படலம், அதன்மீது குரோமியம். அழகுக்காகப் பூசப்படும் அக்குரோமியப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவானது; தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. காற்றுப் பட்டதும் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி அதைக் காக்கிறது. ஆகவே குரோமியம் துருப்பிடிப்பதில்லை. அதிலுள்ள நுண்ணிய வெடிப்புகளின் வழியே உப்பும் ஈரமும் இறங்கி, அடியிலுள்ள எஃகே துருவேறுகிறது. நாம் மேலே காணும் செம்புள்ளி, உள்ளிருந்து எழுந்து வந்த செய்தி.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். வெயில் தாழ்ந்த பிறகே தொடங்க வேண்டும். சூடான உலோகத்தில் பாலீஷ் உடனே காய்ந்து கறையாகிவிடும். முதலில் சோப்பு நீரால் கழுவித் துடைத்தோம். மண் துகள் ஒன்று எஞ்சினாலும் அதுவே கீறிவிடும். பிறகு அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, துருப்புள்ளிகளின்மேல் மெதுவாகத் தேய்த்தோம். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. துருவை எடுக்கும், மெருகைக் கீறாது. உப்புத்தாளும் இரும்பு நாரும் கிட்டவே வரக்கூடாதவை. அதன்பின் பழைய வேட்டித் துணியில் சிறிதளவு பிராசோ எடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, கையகல இடமாக நீளவாக்கில் தேய்த்தோம். துணி கறுத்தது. வெண்மையாய்ப் படர்ந்து காய்ந்ததும் வேறொரு தூய துணியால் துடைத்தபோது, கொடுங்கையூர் வானம் பம்பரில் தெரிந்தது. பெரியவர் தம் முகத்தை அதில் பார்த்து, சிறு பிள்ளையைப் போலச் சிரித்தார்.

ஆனால் வலப்புற மூலையில், சாண் நீளத்துக்குத் துரு ஆழமாகக் கொப்புளித்திருந்தது. அங்கே எவ்வளவு தேய்த்தும் குழிகள் மறையவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க சாமி" என்றார். நான் கையை எடுத்துவிட்டேன். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் சாயல் தெரியத் தொடங்கியிருந்தது. நிக்கல் எட்டிப் பார்க்கிறது என்று பொருள். இனி ஒவ்வொரு தேய்ப்பும் இழப்பே.

இதை நான் வேறொரு விலை கொடுத்துக் கற்றிருக்கிறேன். உதவிப் பங்குத்தந்தையாக இருந்த முதல் ஆண்டில், பாஸ்கா திருவிழிப்புக்கு முந்திய நாள், இரசக்கிண்ணத்தைப் பளபளப்பாக்க ஆசைப்பட்டுப் பித்தளைக்குரிய பாலீஷையே எடுத்துத் தேய்த்தேன். திருப்பாத்திரம் உயர்ந்த உலோகத்தாலானதாக இல்லாவிடில், அதன் உட்புறமாவது பொன் முலாம் பூசப்பெற வேண்டுமென்பது திருச்சபையின் வழக்கம். அந்தப் பொன், என் ஆர்வத்தால் துணியோடு போய்விட்டது. அடியிலிருந்த உலோகம் என்னைப் பார்த்தது. அதே ஆண்டில், ஒழுக்கம் தவறினாரென ஊர் பேசிய ஒருவரை, பெயரைச் சொல்லாமல், ஆனால் யாவரும் அறியும்படி, மறையுரையில் கண்டித்தேன். தூய்மையாக்குவதாகத்தான் நினைத்தேன். அவர் அதன்பின் ஆலயத்துக்கு வரவேயில்லை. கிண்ணத்துக்கு மீண்டும் முலாம் பூசிக் கொடுத்தார்கள். அம்மனிதருக்கு நான் எதைப் பூசுவது?

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நீசா நகர்ப் புனித கிரகோரி, பேறுபெற்றோரைப் பற்றிய தம் ஆறாம் மறையுரையில் இரும்பை உவமையாக்குகிறார். துருவேறிக் கறுத்த இரும்பு, சாணைக்கல்லில் துரு நீங்கியதும் கதிரவனின் ஒளியைத் தன்னில் ஏந்தி மின்னுவதுபோல, அழுக்கு நீங்கிய உள்ளம் இறைச்சாயலை மீண்டும் காட்டும் என்பது அவர் கருத்து. கவனியுங்கள்: அவர் முலாமைச் சொல்லவில்லை, இரும்பைச் சொல்கிறார். இறைச்சாயல் நம்மீது பூசப்பட்ட படலமன்று. ஊடும் பாவுமாய் உள்ளது. 1547 சனவரி 13 அன்று திரிதெந்தின் பொதுச்சங்கம், மனிதர் நீதிமான்களாவது பாவ மன்னிப்பு மட்டுமன்று, உள்மனிதனின் புதுப்பிப்புமாகும் எனக் கற்பித்தது. இதன் பொருட்டு எழுந்த நெடிய பிணக்கில், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு அடிப்படை உண்மைகளில் உடன்பட்டதை நன்றியோடு நினைக்கிறோம்.

இறைச்சாயல் இரும்பைப் போன்றது எனில், ஒருவரின் நற்பெயர் குரோமியத்தைப் போன்றது: மெல்லியது, ஒருமுறை போனால் தேய்ப்பதால் திரும்பாதது. சாயலைத் துலக்குவதாக எண்ணிப் பெயரைத் தேய்த்துவிடுகிறோம். பெற்றோர் பிள்ளைகளிடமும், கணவர் மனைவியிடமும், குருக்களாகிய நாங்கள் மக்களிடமும் செய்யும் தவறு இதுவே.

கதை இத்தோடு முடியவில்லை. "பட்டறையில குடுத்தா புதுசாவே பண்ணிக் குடுத்துடுவான்" என்றார் பெரியவர். உண்மைதான். பழைய முலாமை முழுதும் உரித்து, துருவை நீக்கி, செம்பும் நிக்கலும் குரோமியமும் மறுபடி ஏற்றினால் அந்த மூலையும் மின்னும். நான் பேசாதிருந்தேன். பிறகு என் தந்தையின் கைகளைப் பற்றிச் சொன்னேன்.

என் தந்தையின் விரல்களில் மிளகு அளவுக் குழிகள் இருந்தன. சிறுவனாக அவர் மடியில் அமர்ந்து, அவற்றில் என் சுண்டுவிரலை வைத்து விளையாடுவேன். குரோமிக் அமிலம் உண்டாக்கிய புண்களின் தழும்புகள் அவை. தொட்டியிலிருந்து எழும் ஆவித்துளிகள் மூக்கின் நடுச்சுவரையும் துளைத்திருந்தன. பம்பரில் இருக்கும் குரோமிய உலோகம் தீங்கற்றது. முலாம் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமோ, புற்றுநோய் விளைவிப்பதென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990 இல் வகைப்படுத்திய பொருள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, அந்நிலத்தடி நீரைக் கெடுத்த துயரத்தை நாம் அறிவோம். ஆயினும் என் தந்தையின் கூலியில்தான் நான் படித்தேன். அந்தத் தொட்டியைச் சபிக்க எனக்கு வாய் வரவில்லை, வாழ்த்தவும் வரவில்லை.

மறுநாள் இருவருமாகப் பம்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனோம். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன், கிழிந்த கையுறையோடு தொட்டியருகே நின்றிருந்தான். பெரியவர் பம்பரைக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் அவன் கைகளையே பார்த்தார். "கொஞ்சம் இருங்க சாமி" என்று வெளியே போனவர், முழங்கை வரை நீளும் ரப்பர்க் கையுறை ஒரு சோடி வாங்கிவந்து அவனிடம் கொடுத்தார். பிறகு பம்பரைத் தூக்கிக்கொண்டு, "போலாம் சாமி" என்றார்.

அதனால் ஏதும் தீர்ந்துவிடவில்லை என்பதை அறிவேன். அடுத்த நாள் வேறொரு பம்பர் அங்கு வந்திருக்கும்; வராவிட்டால் அந்த இளைஞனுக்குக் கூலியில்லை. கையுறையும் காற்றை வெளியேற்றும் கருவியும் கொடுக்க வேண்டியவர் வழிப்போக்கர் அல்லர், முதலாளியும் சட்டமுமே. நஞ்சு குறைந்த மூவிணைதிறன் குரோமிய முலாம் முறையும் இன்று வழக்கில் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறும் குரல் எழுப்புவதும் நம் விசுவாசத்தின் பகுதியன்றோ? கிண்ணத்தின் உட்புறத்தை முதலில் தூய்மையாக்கச் சொன்ன ஆண்டவர் (மத்தேயு 23:26), அதைச் செய்த கைகள் எவ்வாறிருக்கின்றன என்றும் நம்மிடம் கேட்பார். கொல்லன், குயவன் போன்றோரின் கைத்தொழிலையே அவர்களின் மன்றாட்டாகக் காணும் சீராக்கின் நூல் (38:34) நம் விவிலியத்தில்தான் இருக்கிறது.

திருமண நாளன்று அம்பாசிடர் ஆலய முற்றத்தில் வந்து நின்றது. தீர்த்தம் தெளித்து மந்திரித்தேன். பம்பரின் வலப்புற மூலை அப்படியே குழிகளோடு இருந்தது. மெழுகு மட்டும் மெலிதாகத் தடவியிருந்தார். ஈரம் இறங்காமல் தடுக்க அது போதும். மணமகள் இறங்கும்போது, அந்த மூலையில் புடவை உரசாதபடி பெரியவர் தம் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

அந்தக் கையைப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் மறையுரையில் காயப்படுத்திய அந்த மனிதரின் நினைவு வந்தது. அவர் இப்போது எங்கிருக்கிறார் என்பதை அப்பங்கின் முன்னாள் உபதேசியாரிடம் விசாரித்து அறிந்துள்ளேன். இக்கட்டுரை உங்கள் கைக்கு வருமுன் அவர் வீட்டு வாசலில் நான் நின்றிருப்பேன். எனக்காக மன்றாடுங்கள்.