கழுத்து வளைந்த கிட்டார்

நுகர்வோர் வழக்குகளில் பொருள் அடியோடு கெட்டுப்போயிருந்தால் வேலை சுலபம். ஓடாத ஃபிரிட்ஜை யாரும் ஓடுகிறது என்று வாதாட முடியாது. வேலை செய்துகொண்டே இருக்கிற பொருளில் குறை இருக்கிறது என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. என்னிடம் வந்த பேஸ் கிட்டார் அந்த ரகம். ஆம்ப்பில் செருகினால் நன்றாகவே முழங்கும்.

வாங்கியவர் தேவாலயத்தில் வாசிக்கும் இளைஞர். கல்யாண மேடைகளிலும் வாசிப்பார். கிறிஸ்துமஸ் சீசனை நம்பி நவம்பரில், முப்பதாயிரத்துக்குச் சற்று மேலே கொடுத்து, சென்னையில் ஒரு கடையில் வாங்கியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் கம்பிகள், நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த ஃபிரெட்டுகளுக்கு மேல் எக்கச்சக்க உயரத்தில் நின்றன. விரல் நோக அழுத்த வேண்டியிருந்தது. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலை இறக்கினார். கீழ் ஃபிரெட்டுகளில் கொஞ்சம் நிம்மதி. மேலே பதினைந்தாம் ஃபிரெட்டைத் தாண்டினால் கம்பி 'ர்ர்ர்' என்று உரசியது. "ஏத்தினா வாசிக்க முடியல, இறக்கினா அடிக்குது. நெக் முன்பக்கமா வளைஞ்சு நிக்குது சார்" என்றார்.

எனக்குச் சங்கீத ஞானம் பூஜ்யம். ஆனால் வழக்கை எடுத்தபின் அந்த மரத்துண்டைப் பற்றிப் படித்தேயாக வேண்டியிருந்தது. பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ எண்பது கிலோ விசையோடு நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. லியோ ஃபெண்டர் 1951-ல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றுவரை பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. சாதாரண கிட்டாரைவிட நெக் நீளம், கம்பி தடிமன். இந்த இழுப்பை எதிர்க்க நெக்குக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதுதான் டிரஸ் ராட். கிப்சன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அதன் முனையிலுள்ள நட்டை முறுக்கினால் நெக் நிமிரும். தளர்த்தினால் கம்பிகளின் இழுப்புக்கு முன்பக்கம் வளைந்து கொடுக்கும்.

கடைக்காரர் தரப்புப் பதிலுரை கெட்டிக்காரத்தனமானது. வளைவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. வளைவு இருந்தே ஆக வேண்டும் என்றார்கள்! அதிர்கிற கம்பி நடுப்பகுதியில்தான் அகலமாக ஆடும், அதற்கு இடம்விட நெக்கில் லேசான குழிவு தேவை, டிரஸ் ராடை அவ்வப்போது திருகிக்கொள்வது வாங்கியவரின் பராமரிப்பு வேலை, இதை உற்பத்தியாளர் கையேடே சொல்கிறது என்று கையேட்டையும் இணைத்திருந்தார்கள். கடற்கரைக் காற்று, ஏசி அறை, வெயிலில் நிறுத்திய கார் எல்லாம் மரத்தைப் பாதிக்கும் என்று ஒரு பத்தி. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதை நினைவூட்டி ஒரு பத்தி.

கடைசிப் பத்தியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கைதான். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் முப்பது நாள். என் கட்சிக்காரர் வாங்கிய மூன்றாம் நாளே ஸ்கேலை வைத்துப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் கடைக்கு அனுப்பியிருந்தார். நீல டிக் விழுந்திருந்தது. கார் கதையும் அதோடு அடிபட்டது. அவரிடம் கார் கிடையாது.

முதல் பத்திதான் உறுத்தியது, ஏனென்றால் அதில் சொன்னது உண்மை. வளைவைக் காட்டி நான் ஜெயிக்க முடியாது. நிமிர்த்த முடியாத வளைவு என்று காட்டியாக வேண்டும். டிரஸ் ராடில் திருக இடம் மிச்சமிருந்தால் அது பராமரிப்பு; இல்லாவிட்டால் குறைபாடு. என்னைப் பொறுத்தவரை வழக்கு முழுவதும் அந்த நட்டின் மேல்தான் நின்றது.

அதற்கான ஆதாரத்தைக் கடைக்காரரே தாக்கல் செய்திருந்தார். வாடிக்கையாளரை எவ்வளவு நன்றாகக் கவனித்தோம் என்று காட்டுவதற்காகத் தங்கள் சர்வீஸ் ஜாப் கார்டைச் சான்றாவணமாகப் போட்டிருந்தார்கள். விற்ற பத்து நாளுக்குள் போட்ட கார்டு. அதில் மெக்கானிக் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்த வரி: 'ராட் ஃபுல் டைட். ஆக்‌ஷன் ஹை. கஸ்டமர் இன்ஃபார்ம்டு.' ராடை முழுக்க முறுக்கியும் கம்பி உயரமாகவே நிற்கிறது என்று பொருள். அந்த மெக்கானிக் நேர்மையானவர். அவர் முதலாளி கார்டைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார். முழுக்க முறுக்கிய பிறகு ஏழாம் ஃபிரெட்டில் இடைவெளி எவ்வளவு இருந்தது என்று வினாப்பட்டியல் அனுப்பினேன். 'அளவு குறிக்கப்படவில்லை' என்று பதில் வந்தது.

கிட்டார் பழுது பார்க்கும் ஒருவரின் வாக்குமூலத்தை நாங்கள் தாக்கல் செய்தபோது எதிர்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். 38-ஆம் பிரிவின்படி பொருளை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், பட்டறைக்காரர் நிபுணர் ஆகமாட்டார் என்றார். கிட்டார் நெக்கைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகம் எது என்று அவரும் சொல்லவில்லை. ஆய்வு இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாதபோதுதான் ஆய்வகம் வேண்டும், இதற்குச் சந்து அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகள் போதும் என்று நான் சொல்ல, நுகர்வோர் ஆணையம் கிட்டாரையே கொண்டுவரச் சொன்னது.

பழுதுபார்ப்பவர் வழக்கறிஞர் மேசையில் துண்டை விரித்து அதைக் கிடத்தினார். கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றினார். முதல் ஃபிரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டினார். நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் கம்பியை விரலால் அழுத்தினார். இப்போது கம்பியே நேர்கோடு. நடுவில், ஏழாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்று கையேடு சொன்னது. அந்த அளவுத் தகட்டைச் செருகினார். தொடாமலே உள்ளே போனது. தகடுகளை அடுக்கிக்கொண்டே போனார். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியும் சந்து மிச்சம். பெண் உறுப்பினர் இறங்கி வந்து, பலகையின் நேர் பார்க்கும் தச்சரைப் போல ஒற்றைக் கண்ணை மூடி நெக் வழியே பார்த்தார். "இதைத் திருகினால் சரியாகாதா?" என்றார்.

"பார்க்கலாம்மா" என்று அவர் ஆலன் கீயை எடுத்து நட்டில் பொருத்தினார். எதிர்தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார்: "முறுக்கக் கூடாது, உடைந்துவிடும்!"

"திருகிக்கொள்ள வேண்டியது வாங்கியவர் வேலை என்று உங்கள் பதிலுரையில்தானே இருக்கிறது?" என்றார் தலைவர். அதற்குமேல் வாதம் நீளவில்லை.

கிட்டாரைத் திருப்பி எடுத்துக்கொண்டு விலையை வட்டியோடு கொடுக்க வேண்டும், வழக்குச் செலவும் தர வேண்டும் என்று உத்தரவானது. மன உளைச்சலுக்குச் சிறு தொகை. தவறிப்போன கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுக்கு நாங்கள் கேட்ட இழப்பீடு தள்ளுபடி. ஒப்பந்தம் இல்லை, அட்வான்ஸ் ரசீது இல்லை. மேடைக்காரர்கள் எல்லாவற்றையும் போனில் பேசியே முடித்துக்கொள்கிறார்கள். "அதுதான் சார் எனக்குப் பெரிய நஷ்டமே" என்று தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டார். அதற்காக மட்டும் மேல்முறையீடு செய்வது வீண் செலவு என்றேன்; அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

கடையும் மேல்முறையீடு போகவில்லை. ஆனால் பணம் தருகிற அன்று கிட்டாரோடு பையையும் ஸ்ட்ராப்பையும் கேட்டார்கள். பை கிட்டாருடன் இலவசமாக வந்தது, கொடுத்துவிடுங்கள் என்றேன். ஸ்ட்ராப்புக்குத் தனி பில் இருந்தது. அதைக் கொடுக்க வேண்டியதில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.