தாளில் எழுதிய 'நல்லவன்'

தியானப் பகுதி: 2 சாமுவேல் 12:1-13



நம் சபையின் வாலிபர் ஒருவர் விடுமுறையில் போடிக்கு வந்திருந்தபோது என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். அவரும் நண்பர்கள் நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு கதை விளையாட்டை ஆடுகிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரர், வைத்தியர் என ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்வதென்று தாங்களே தீர்மானிப்பார்கள். தம் பாத்திரம் நல்லவனா தீயவனா என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்வார்கள்.

நண்பர்கள் நால்வரும் 'நல்லவன்' என்றே எழுதியிருந்தார்கள். கொள்ளையரிடமிருந்து ஒரு மலைக்கிராமத்தைக் காப்பது அவர்கள் பணி. முதலில், "உங்களுக்காகத்தானே போரிடுகிறோம்" என்று ஒரு விதவையின் தானியத்தை எடுத்துக்கொண்டார்கள். பின்பு, சரணடைந்த ஒருவனை அடித்து உண்மை கேட்டார்கள். அதன்பின், ஒளிந்திருந்தோரை வெளியேற்றக் களஞ்சியத்துக்கே தீ வைத்தார்கள்.

"ஐயா, தாங்கள் வில்லன்களாகிவிட்டதை அவர்கள் இன்னும் உணரவில்லை. ஆட்டத்தை நிறுத்திக் கண்டிக்கவா? அல்லது கதையில் வானத்திலிருந்து இடி விழச் செய்யவா?" என்று கேட்டார்.

போடிமெட்டிலிருந்து இறங்கும் ஓட்டுநர்கள் இந்த ஆபத்தை அறிவார்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால் வண்டி சுகமாகவே உருளும். வேகம் கூடியது அடுத்த கொண்டை ஊசி வளைவில்தான் தெரியும். மனிதன் தீமைக்குள் பெரும்பாலும் இப்படித்தான் இறங்குகிறான்.

அந்தத் தம்பிக்கு நாத்தான் தீர்க்கதரிசியை நினைவூட்டினேன். தாவீது, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகக்கொடுத்தான். குழந்தையும் பிறந்துவிட்டது, அரசனோ தன்னை இன்னும் கர்த்தரின் ஊழியனாகவே எண்ணியிருந்தான். நாத்தான் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை, மௌனமாகவும் இருக்கவில்லை. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைச் சொன்னார். ஏன் ஆட்டுக்குட்டி? தாவீது ஒரு காலத்தில் மேய்ப்பன். அவனுடைய மனச்சாட்சி எங்கே இன்னும் உயிரோடிருந்தது என்பதை நாத்தான் அறிந்திருந்தார். பறித்தவனுக்குத் தாவீது கோபத்தோடு தீர்ப்பளித்த பின்பே, அந்த மனிதன் அவன்தான் என்று வெளிப்படுத்தினார்.

"ஆகவே தம்பி, இடி வேண்டாம். அந்த விதவையின் வீட்டுக் கதவை அவர்களுக்குக் காட்டுங்கள்" என்றேன்.

அவர் அப்படியே செய்தார். வீரர்கள் வெற்றியோடு கிராமத்துக்குத் திரும்பியபோது எல்லாக் கதவுகளும் அடைபட்டன. ஒரு சிறுமி மட்டும் சன்னல் வழியே, "இந்த முறையும் எங்கள் தானியத்துக்காகத்தான் வந்தீர்களா?" என்று கேட்டாள். மேசையில் நெடுநேரம் பேச்சில்லையாம். பின்பு ஒருவர், "கொள்ளையர்களைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்தக் களஞ்சியத்தைக் கட்டிக்கொடுப்போம்" என்றாராம்.

பிரியமானவர்களே, நம் பெயரும் ஒரு தாளில் இருக்கிறது. அது ஞானஸ்நானப் பதிவேடு. அதில் இருப்பதாலேயே நம் செயல்களை நாம் ஆராயாமல் விடுகிறோமா? ஏலக்காய்க்குச் செயற்கைப் பச்சை ஏற்றுவது சட்டவிரோதம் என்று அறிந்தும், "எல்லோரும் செய்வதுதானே" என்கிறோமா? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களின் கூலியைக் குறைத்துவிட்டு, "என் பிள்ளைகளின் படிப்புக்காக" என்கிறோமா? நம்மால் இழந்தவரின் வாசலில் நின்று பார்த்தாலன்றி இது விளங்காது.

தாவீது தன் பாவத்தை அறிக்கையிட்டான், கர்த்தர் மன்னித்தார். விளைவுகளோ நீங்கவில்லை. ஆனாலும் திரும்பி வரும் பாதை அவனுக்கு அடைபடவில்லை, நமக்கும் அடைபடவில்லை. இந்த வாரம், உங்களால் நஷ்டமடைந்த ஒருவரின் வாசலுக்குச் சென்று வாருங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நாங்கள் அறியாமல் இறங்கும் சரிவுகளை எங்களுக்குக் காட்டும். எங்களிடம் ஒரு நாத்தானை அனுப்பும். அவர் சொல்லைக் கேட்கும் இருதயத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.