பம்ப் பாடுது, அப்பா தண்ணி குடிக்கலை

அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்று ஒரு வஸ்து உண்டு. பாதி வேன், பாதி வீடு. ஷூட்டிங்கில் நம் ஊர் நட்சத்திரங்களுக்காக நிறுத்தி வைப்பார்களே கேரவன், அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மொட்டை மாடி!

சிரிக்காதீர்கள். நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்குகிறது. தலையில் தொட்டியைச் சுமந்துகொண்டு ஒரு வேன் நெடுஞ்சாலையில் பறக்க முடியுமா? அதனால் தொட்டி கீழே இருக்கும். குழாயைத் திறந்தால் 12 வோல்ட் பாட்டரியில் ஒரு குட்டி பம்ப் ஓடித் தண்ணீரைத் தள்ளும். சைஸ் என்னவோ செங்கல் அளவுதான். சத்தம் மட்டும் மாவு மில்!

கலிபோர்னியாவில் இருக்கும் என் அத்தான், செகண்ட் ஹாண்டில் இப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். (வேலை சாஃப்ட்வேர், பேரம் கோயம்பேடு.) போன நவம்பரில் நானும் அப்பாவும் அங்கே போயிருந்தபோது, அக்கா குடும்பத்தோடு அதில் ஜோஷுவா ட்ரீ நேஷனல் பார்க்குக்குக் கிளம்பினோம். பாலைவனம். யாரோ ராட்சசன் கோலி விளையாடிவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைகள். அங்குள்ள முகாம்களில் வண்டிக்குக் கரண்ட் கனெக்‌ஷனும் கிடையாது, குழாய் கனெக்‌ஷனும் கிடையாது. கொண்டுபோன தண்ணீர், கொண்டுபோன பம்ப்.

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை உண்டு. ராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்தாக வேண்டும். முதல் ராத்திரி 12 மணிக்கு எழுந்து, கை கழுவக் குழாயைத் திறந்தார்.

தடதடதடதட!

அக்கா பையன் வீறிட்டான். அத்தான் பூகம்பம் என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்துவிட்டார். (கலிபோர்னியாவில் அது நியாயமான சந்தேகம்தான்.) "ஒண்ணுமில்லை மாமா, நீங்க படுங்க" என்றார் நடுங்கியபடி. 2 மணிக்கு மறுபடி. 4 மணிக்கு மறுபடி.

மறுநாள்தான் விபரீதம். அப்பா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். காலையில் அரை டம்ளர் காப்பி. பாறையெல்லாம் ஏறி இறங்கிய பிறகும் கையிலிருந்த பாட்டில் வாங்கின மாதிரியே இருந்தது. கேட்டால், "தாகமா இல்லைடா." சாயங்காலம் உதடு வெடித்து, எழுந்து நின்றபோது லேசாகத் தள்ளாடினார். அக்கா என்னைத் தனியே இழுத்துப் போய், "ராத்திரி நம்மளை எழுப்பிடுவோம்னுதான் குடிக்க மாட்டேங்குறார். எனக்குப் பயமா இருக்குடா" என்றாள். சர்க்கரைக்காரர், வறண்ட காற்று, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இல்லை. எனக்கும்தான் பயம்.

நேராகச் சொன்னால் ஒப்புக்கொள்கிற ஆசாமி இல்லை. கோயமுத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 32 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். "அப்பா, அந்தப் பம்ப்பை ஒரு தடவை பாருங்களேன்" என்றேன். முகத்தில் பல்பு எரிந்தது.

கட்டிலுக்கு அடியில் இருந்தது பம்ப். "ஓட விடுங்க மாப்பிள்ளை." பம்ப் மேல் கை வைத்தார். அப்புறம் கீழே பலகையில். அப்புறம் குழாயில். நாடி பார்க்கிற வைத்தியர் தோற்றார்.

"மெஷின் சத்தம் போடலை மாப்பிள்ளை, பலகைதான் போடுது. வீணையில தந்தியா பாடுது? குடம்தானே பாடுது!"

அதே கதைதான். பம்ப்புக்குள்ளே ரப்பர் சவ்வு ஒன்று முன்னும் பின்னும் துடிக்கிறது. அதை மெல்லிய பிளைவுட்டில் இறுக்கிவிட்டால் பலகை மத்தளம் ஆகிவிடும். பம்ப்புக்கு நாலு ரப்பர் கால் உண்டு. யாரோ புண்ணியவான் ஸ்க்ரூவை முறுக்கின முறுக்கில் அவை அப்பளமாகியிருந்தன. போதாததற்கு, விறைப்பான பிளாஸ்டிக் குழாய் ஒன்று பம்ப்பிலிருந்து நேராகப் போய்ச் சுவர் ஓட்டையில் இடித்து, அதிர்ச்சியை வண்டி முழுக்க விநியோகம் செய்துகொண்டிருந்தது.

இன்னொரு கூத்து. யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று அப்பா குழாயைக் கொஞ்சமாகத் திறந்தாரே, அதுதான் ரொம்ப மோசம்! பம்ப் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் தள்ளும். நீங்கள் ஒரு லிட்டர் எடுத்தால், பிரஷர் ஏறி சுவிட்ச் அணையும், உடனே இறங்கிப் போட்டுக்கொள்ளும். தடதட, நிறுத்தம், தடதட, நிறுத்தம். தூங்குகிறவனுக்கு இதைவிடக் கொடுமை வேண்டாம்.

அப்பா ஸ்க்ரூக்களைத் தளர்த்தினார். ரப்பர் கால்கள் மூச்சு விட்டன. அக்காவின் யோகா பாயில் ஒரு சாண் வெட்டி அடியில் கொடுத்தார். (பம்ப்பைவிட அக்கா போட்ட சத்தம் அதிகம்.) சுவர் ஓட்டையில் குழாயைச் சுற்றி என் சாக்ஸ், துவைத்ததுதான். அத்தான் உற்சாகமாகி ஒரு கம்பளியை எடுத்து மோட்டாரையே போர்த்தப் போனார். "வேண்டாம் மாப்பிள்ளை, மோட்டாருக்குக் காத்து வேணும். சூடேறிப் போயிடும்."

மறுநாள் பக்கத்து ஊரான ட்வென்டிநைன் பாம்ஸுக்குப் போய், வளைகிற ஹோஸ் இரண்டு துண்டு வாங்கி வந்தோம். ஒன்றரை அடி நீளம். தண்ணீர் உள்ளே வருகிற பக்கம் ஒன்று, போகிற பக்கம் ஒன்று, இழுத்துக் கட்டாமல் தொய்வாக. உள்ளே வருகிற பக்கத்துக்கு, உறிஞ்சும்போது சப்பிப் போகாத ரகமாக வாங்க வேண்டும் என்று அப்பா கடைக்காரரிடம் வாயை உறிஞ்சிக் காட்டியே விளக்கிவிட்டார். வடிகட்டியையும் கழற்றிக் கழுவினார். அதில் மண்.

வீடு திரும்பியதும் அத்தான் ஒரு சின்ன பிரஷர் டாங்க் வாங்கி மாட்டினார். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே காற்றடைத்த ரப்பர் பை. கொஞ்சம் தண்ணீரை அழுத்தத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கை கழுவுகிற அளவுக்கெல்லாம் பம்ப் எழுந்திருக்கவே வேண்டாம். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால் பெட்டி கேஷ். பத்து ரூபாய் செலவுக்கெல்லாம் பாங்க்குக்கு ஓடுவானேன்?

ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த யோகா பாய் ராத்திரிதான். அப்பா 12 மணிக்கு எழுந்தார். 'உர்ர்ர்' என்று பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். பையன் புரண்டு படுத்தான், அவ்வளவுதான். 3 மணிக்கு எழுந்தாரா, தெரியாது. தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால், வெளியே நாற்காலி போட்டுப் பாறைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாட்டில் காலி.

"என்னடா பார்க்கிறே? இன்னொண்ணு கொண்டா."