மூன்றாம் துளை

சேரப்பணஞ்சேரியில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒருநாள் மாலை மகள் அலறினாள்: "அத்தா, கம்ப்யூட்டர் பெட்டி கையைக் கடிக்குது!" புறங்கையால் தடவிப் பார்த்தோம், எறும்பு ஊர்வது போன்ற விறுவிறுப்பு. டெஸ்டரை வைத்தோம், ஒளிர்ந்தது.

பெட்டியில் பழுதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். அதன் மின்வழங்கியில், மின் இரைச்சலை வடிக்கும் சிறு மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் அற்ப மின்சாரம் எர்த் கம்பியில் இறங்கி மண்ணைச் சேரவேண்டும். அக்கம்பி இல்லையேல், 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி பெட்டியின் தகட்டிலேயே நின்றுவிடும். அம்மின்சாரம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவுதான். ஆனால் என்றேனும் உள்ளே மின்கம்பி தகட்டைத் தொட்டுவிட்டால், காப்பதற்கு ஏதுமில்லை.

மெயினை அணைத்து, பிளக் பாயின்ட்டைக் கழற்றச் செய்தோம். துளைகள் மூன்று, கம்பிகளோ இரண்டே!

"நியூட்ரலோடு ஒரு துண்டுக் கம்பியை இணைச்சிடறேன் பாய், கடிக்காது" என்றார் வந்த எலெக்ட்ரீஷியன். மறுத்துவிட்டோம். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், 230 வோல்ட்டும் முழுதாகத் தகட்டுக்கு வந்துவிடுமே!

வீட்டுக்காரரிடம் பேசி எர்த் குழி அமைத்து, பச்சைக் கம்பி இழுத்தோம். கசிவு 30 மில்லியாம்பியரை எட்டுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் பொருத்தினோம். டெஸ்டர் அணைந்தது.

ஒரகடத்து ஆலைகளை நம்பி வாடகை அறைகளில் வாழும் அன்பர்களே! உங்கள் சுவரின் மூன்றாம் துளைக்குப் பின்னே கம்பி இருக்கிறதா? தேர்ந்த மின்பணியாளரிடம் இன்றே கேளுங்கள்.