மசாய் மாரா போறீங்களா? ஒரு நிமிஷம்!

போன செப்டம்பர்ல நானும் சித்தப்பாவும் கென்யா போயிட்டு வந்ததிலிருந்து ஆளாளுக்கு ஒரே கேள்விதான். எப்போ போறது, எவ்ளோ ஆகும், ஊசி போடணுமா? தனித்தனியா சொல்லி மாளலை. மொத்தமா எழுதிடறேன், படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

முதல்ல ஒரு முன்கதை. எங்க ஊர் காவேரிப்பட்டினம், மாங்காய் மண்டி ஊர். சித்தப்பாவுக்கு நிலம் தேன்கனிக்கோட்டை பக்கம். வருஷா வருஷம் அக்டோபர், நவம்பர்ல பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைங்க தளி, ஜவளகிரி வழியா ஓசூர் பக்கம் இறங்கும். அப்போதான் ராகி கதிர் முத்தியிருக்கும். சித்தப்பா டார்ச்சும் பட்டாசுமா ராத்திரி பூரா பரண் மேல உக்காந்திருப்பார். "யானை பாக்க ஆப்பிரிக்காவா? கம்பளி எடுத்துட்டு நம்ம கொல்லைக்கு வாடா, ஃப்ரீயா காட்டறேன்"ன்னார். அவரையும் இழுத்துட்டுப் போனேன் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

எப்போ? செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் கூட்டம் லட்சக்கணக்குல மாராவுக்கு வர்றது ஏறக்குறைய ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. ஆத்தைத் தாண்டற காட்சி கிடைக்கறது அதிர்ஷ்டம்தான், யாராவது "கேரண்டி"ன்னு சொன்னா நம்பாதீங்க. நம்ம பசங்க லீவு விடற ஏப்ரல், மே அங்கே பெருமழை. ரேட்டு குறையும், ஆனா சேத்துல வண்டி மாட்டும். கூட்டம் வேணாம், சிங்கம் சிறுத்தை போதும்னா ஜனவரி, பிப்ரவரி நல்லது. மாரா தேசியக் காப்பகத்துல நுழைவுக் கட்டணம் 2024-ல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு நாளைக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர்னு ஆக்கினாங்க. பட்ஜெட் போடறப்போ மறக்காம இதைப் பாருங்க, ஏன்னா நாலு பேர் குடும்பத்துக்கு இது மட்டுமே பெரிய தொகை.

ஊசி? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கோங்க. கென்யாக்காரன் கேக்கறானோ இல்லையோ, திரும்பி வர்றப்போ நம்ம ஏர்போர்ட்ல கேப்பாங்க. சான்றிதழ் இல்லேன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா அடைச்சு வெச்சுடுவாங்க. ஊசி போட்ட பத்தாவது நாள்லேருந்துதான் சான்றிதழ் செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடாதீங்க. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, அரசு அனுமதிச்ச மையத்துலதான். சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். 2016-லேருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். அறுபது தாண்டினவங்க, முட்டை அலர்ஜி உள்ளவங்க டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. மலேரியா மாத்திரை பத்தியும் அவர்கிட்டயே கேட்டுக்கோங்க.

அனுமதி, பயணம்? 2024 ஜனவரியிலிருந்து கென்யா விசாவை எடுத்துட்டு, ஆன்லைன்ல வாங்கற முன் அனுமதி முறை கொண்டுவந்துட்டாங்க. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரா ஃப்ளைட் உண்டு. நைரோபியிலிருந்து மாராவுக்கு நரோக் வழியா ரோட்டுல அஞ்சு ஆறு மணி நேரம். வில்சன் ஏர்போர்ட்லேருந்து குட்டி விமானத்துல போனா முக்கால் மணி நேரம், ஆனா லக்கேஜ் 15 கிலோதான், அதுவும் மெத்துனு துணிப்பையா இருக்கணும். பிளாஸ்டிக் கேரி பேக் 2017-லேருந்து கென்யாவுல தடை. அம்மா கட்டிக் குடுக்கற முறுக்கை டப்பாவுல போட்டுக்கோங்க.

என்ன எடுத்துப் போகணும்? ஸ்வெட்டர். ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனைக்காதீங்க, விடியக்காலையில ஓசூர் மார்கழி மாதிரி நடுங்கும். கறுப்பு, கருநீலத் துணி வேணாம், செட்சி ஈ அந்தக் கலரைத் தேடி வரும். ஆளுக்கு ஒரு பைனாகுலர். ஒண்ணை ரெண்டு பேர் பங்கு போட்டா சண்டைதான்.

இனிமேதான் முக்கியமான விஷயம். எங்கே தங்கறது?

காப்பகத்துக்கு வெளியே, அதை ஒட்டி நபோய்ஷோ, ஓலாரே மொட்டோரோகி, மாரா நார்த்னு கன்சர்வன்சிகள் இருக்கு. நிலம் மசாய் குடும்பங்களோடது. கேம்ப் நடத்தறவங்க அதைக் குத்தகைக்கு எடுத்து, குடும்பங்களுக்கு வாடகை குடுக்கறாங்க. வேலி கிடையாது, மாடு மேய்க்க முறை வெச்சிருக்காங்க. இத்தனை ஏக்கருக்கு இத்தனை கூடாரம்னு கணக்கு இருக்கறதால வண்டிக் கூட்டம் குறைவு. காப்பகத்துல கிடைக்காத ராத்திரி சஃபாரியும் நடைப்பயணமும் இங்கே உண்டு. விலை கூடத்தான். எங்களுக்குத் தலைக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல ஆச்சு.

ரெண்டாம் நாள் ஒரு யானைக் கூட்டம் வண்டிக்குப் பக்கத்துல நின்னு புல்லு மேஞ்சுது. சித்தப்பா கம்பியை இறுக்கிப் பிடிச்சவர் கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "பகல்ல இவ்ளோ நேரம் நின்னு பாத்ததே இல்லைடா"ன்னார். அப்புறம் டிரைவர்கிட்ட கேட்கச் சொன்னார்: இதுங்களால உங்களுக்கு நஷ்டம் இல்லையா? டிரைவர் மசாய் பையன். சிங்கம் எங்க மாட்டை அடிச்சிருக்கு, ஆனா வாடகையிலதான் தம்பி படிக்கறான்னான். 2020-ல கொரோனாவுல டூரிஸ்ட் வராம வாடகையும் ஆட்டம் கண்டுச்சாம். ஆக இதுவும் கஷ்டமே இல்லாத ஏற்பாடு இல்லை.

நம்ம பக்கமும் 2014-ல காவேரி வடக்கு, 2022-ல காவேரி தெற்குன்னு ரெண்டு சரணாலயம் அறிவிச்சாச்சு. யானைக்கு இடம் வேணும்தான், நான் மறுக்கலை. ஆனா பரண் மேல முழிச்சிருக்கறவனுக்கு அந்த யானையால ஒரு ரூபா வருமானம் இருந்தா, அவன் பட்டாசைக் கொஞ்சம் யோசிச்சுத்தான் கொளுத்துவான்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட சிங்கம் தெரியுமான்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க. நிலத்துக்காரனுக்கு வாடகை போகுதா, எந்தக் கன்சர்வன்சின்னும் கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா வேற ஆளைப் பாருங்க.

கொசுறு: ராகி நம்ம ஊர்ப் பயிர்னு நெனைச்சுட்டிருந்தேன். பல ஆயிரம் வருஷம் முன்னாடி கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துலேருந்துதான் இங்கே வந்துச்சாம். அங்கே அதுக்கு விம்பின்னு பேரு, கூழுக்கு ஊஜி. சித்தப்பா ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு சொன்னது: "உப்பும் மோரும் போட்டா நம்ம கூழுதான்."