புத்தளக் கரையோரத்து வாக்காளர்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருவீதி, மகா ஓயாவைத் தாண்டியதும் புத்தளம் மாவட்டத்துள் நுழைகிறது. மேற்கே கடல், கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்னை. வாய்க்காலில் ஓட்டுச் சூளைகள். லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிலையம். வென்னப்புவையிலும் மாரவிலையிலும் தென்னங் கீற்றுகளுக்கு மேலே தலை நீட்டும் தேவாலயக் கோபுரங்கள். இத்தாலி நாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தால் எழுந்த மாடி வீடுகள் இவ்வூர்களில் வரிசையாக நிற்கின்றன.

இக்கரையோரத்தின் எழிலைப் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே காண விழைவது அதன் மக்கள் உள்ளத்தை. அதிலும் ஒரு மூலையை. தாம் நம்பித் தேர்ந்தனுப்பிய பிரதிநிதியிடம் மனம் கசந்துபோனால் இம்மக்கள் என்ன செய்கின்றனர்?

இவர்கள் பழமை பேணும் மக்கள். தெற்கே பங்குக் கோயிலும், நடுவே அம்மன் கோயிலும், வடக்கே பள்ளிவாசலும் ஊரின் மையங்களாக விளங்குகின்றன. கட்சிப் பற்றுங்கூட நிலபுலன்போலத் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கிவருவது இங்கே வழக்கம். 1960ஆம் ஆண்டில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கர் பாடசாலைகளுள் புகுந்து அமர்ந்து எதிர்ப்புக் காட்டினர். அந்தப் புண் ஆற நெடுங்காலம் சென்றது. ஐக்கிய தேசியக் கட்சியே தமக்கு அரண் என்ற எண்ணம் இவ்வூர்களில் தலைமுறைகளாக வேரூன்றி நின்றது.

அந்த வேரையும் காலம் அசைத்தது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, மகா ஓயாவுக்குத் தெற்கே சிறிது தூரத்திலுள்ள கட்டுவாப்பிட்டியிலும் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பாதுகாப்பும் நீதியும் தருவோம் என்றவர்களை நம்பி, 2020ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மாவட்டம் பொதுஜன பெரமுனவுக்கு எட்டு ஆசனங்களில் ஐந்தை வழங்கிற்று. நீதி வரவில்லை என்ற குறை ஓராண்டுக்குள்ளேயே எழுந்தது. 2021 மார்ச் 7ஆம் நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை கறுப்பு ஞாயிறாக அனுட்டித்தது. அடுத்த ஆண்டு மண்ணெண்ணெய் கிடையாமல் படகுகள் கரையில் கிடந்தன. 2022 மே 9ஆம் நாள் நாடெங்கும் மூண்ட சீற்றத்தில், சிலாபத்துக்கு வடக்கே ஆராச்சிக்கட்டுவையில் இருந்த பாராளுமன்ற உறுப்பினர் சனத் நிசாந்தவின் இல்லம் தீக்கிரையாயிற்று. வீடெரிப்பது எவ்வகையிலும் அறமாகாது. ஆயினும், குறை சொல்ல முறையான வாயிலில்லாத இடத்தில் கோபம் எத்தகைய வாயிலைத் தேடிக்கொள்ளும் என்பதை அந்தச் சாம்பல் உணர்த்திற்று.

சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடுவதைக் கண்டு, திரௌபதையம்மன் தீமிதிப்புக்குப் பேர்போன உடப்பைக் கடந்து, முந்தல் களப்போரமாகப் பாலாவியை அடைகிறோம். உடப்புத் தமிழர் தொகையிற் சிறியவர். தமக்கென ஒருவரைத் தனித்து அனுப்பும் வலிமை அவர்களுக்கு இல்லை. பாலாவியிலிருந்து இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. அங்கே தலவிலை அன்னம்மாள் திருத்தலமும், நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியும் அருகருகே நிற்கின்றன. நேரே சென்றால் உப்பளங்கள் வெண்மை பூத்துக் கிடக்கும் புத்தளம் நகர்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் முழு உருவம் கொள்வது இந்நகரிலேதான். பழைய தொகுதி முறை நிலவிய நாளில் புத்தளத்தின் குரல் உயர்ந்த இடத்தில் ஒலித்தது. இவ்வூர் அனுப்பிய எச். எஸ். இஸ்மாயில் 1956 முதல் 1959 வரை சபாநாயகராக வீற்றிருந்தார். அப்பதவியை ஏற்ற முதல் முஸ்லிம் அவரே. பின்னர் வந்த எம். எச். எம். நெய்னா மரிக்கார் நிதியமைச்சராக உயர்ந்தார். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைப் புகுத்தியது. 1989இல் அம்முறைப்படி முதற் பொதுத் தேர்தல் நடந்தது. மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரான முஸ்லிம்களின் வாக்குகள் பல பட்டியல்களிற் சிதறின. ஏறக்குறைய 30 ஆண்டுகள், மாவட்ட வாக்குகளால் ஒரு முஸ்லிம் உறுப்பினரையேனும் அவர்களால் பெற இயலவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பல்லாயிரம் முஸ்லிம்களை இம்மண் ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்திலே. கொழும்பின் குப்பை அறுவக்காட்டுக்கு வரலாயிற்றும் அந்தக் காலத்திலே. எதிர்த்துத் தெருவில் நின்றனர். தம் வாக்கால் தெரிவாகிச் சபையில் எழுந்து பேசுபவர் இல்லையே என வருந்தினர்.

ஆதலால் 2020இல் போட்டிக் கட்சிகள் பகை மறந்து, முஸ்லிம் தேசியக் கூட்டணி என்ற பெயரில் தராசுச் சின்னத்தின்கீழ் ஒன்றுபட்டன. 55,981 வாக்குகளும் ஓர் ஆசனமும் கிடைத்தன. அலி சப்ரி ரஹீம் பாராளுமன்றம் சென்றார். நெடுநாள் வறட்சிக்குப் பின் பெய்த மழைபோல அந்த வெற்றி கொண்டாடப்பட்டது.

மகிழ்ச்சி மூன்று மாதமும் நீடிக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள், சனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் 20ஆவது திருத்தத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். கூட்டணியிற் சேர்ந்த இரு பெருங் கட்சிகளின் தலைவர்களும் எதிர்த்து வாக்களித்த வேளை அது. கொவிட் நோயால் மாண்ட முஸ்லிம்களின் சடலங்களைக் கட்டாயமாக எரியூட்டும் விதி நடைமுறையில் இருந்த காலமும் அதுவே. மார்க்கத்தை உயிராகப் போற்றும் சமுதாயத்துக்கு இதைவிட நோகும் தருணம் வேறேது? பின்னர், 2023 மே மாதம் வெளிநாட்டிலிருந்து திரும்புகையில், தங்கமும் கைத்தொலைபேசிகளும் முறைகேடாகக் கொணர்ந்தமைக்காகச் சுங்கத் திணைக்களம் அவருக்கு 75 இலட்சம் ரூபா அபராதம் விதித்தது. அதன் பின்னும் ஆசனம் அவருடையதாகவே இருந்தது.

மனம் கசந்த வாக்காளர் அப்போது என்ன செய்யக்கூடும்? உறுப்பினரைத் திருப்பியழைக்க நம் சட்டத்தில் இடமில்லை. இடைத் தேர்தலும் இல்லை. வேட்பாளர் பட்டியலை வகுப்பவை கட்சிகள். எட்டு ஆசனங்களுக்குப் பதினொரு பெயர்களை அவை எழுதிக் கொடுத்தபின், அவற்றுள் மூன்றுக்கு விருப்பு வாக்கு அளிப்பதே குடிமகனின் உரிமை. பட்டியலில் யார் இருக்கலாம் என்று அவனை எவரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி உண்டு. பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னரே, கட்சி ஆதரவாளர் தம் வேட்பாளரை வாக்களித்துத் தெரிவு செய்யும் முன்னோடித் தேர்தல் அங்கே நடைபெறுகிறது. இந்தியானா மாநிலத்தில் 36 ஆண்டுகள் செனற்றராக வீற்றிருந்த ரிச்சர்ட் லூகர், எதிர்க்கட்சியினரோடு இணங்கிப் போகிறவர் எனப் பழமைவாத வாக்காளர் சினந்தமையால், 2012 மே மாதம் சொந்தக் கட்சியினராலேயே தோற்கடிக்கப்பட்டார். ஆனால் அவருக்குப் பதிலாக நிறுத்தப்பட்டவர் நவம்பரில் மாற்றுக் கட்சியிடம் அந்த ஆசனத்தையே இழந்தார். எனவே அவ்வழியும் குற்றமற்றதன்று. எனினும், கசப்பைச் சொல்ல உரிய காலத்தில் ஓர் அவை அங்கே கூடுகிறது. வீடுகள் எரியும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் கரையோரத்தார்க்குக் கிடைத்தது இறுதி நாள் ஒன்றே. அதை அவர்கள் பயன்படுத்திய விதமும் வியப்புக்குரியது. 2024 நவம்பர் 14ஆம் நாள் மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஆறு தேசிய மக்கள் சக்திக்கும், இரண்டு ஐக்கிய மக்கள் சக்திக்கும் சென்றன. ஐந்து ஆசனங்களைப் பிடித்திருந்த பொதுஜன பெரமுனவுக்கு ஒன்றுகூட எஞ்சவில்லை. தராசுக்குக் கிடைத்திருந்த ஆசனமும் மறைந்தது. வென்ற பட்டியலிலேயே ஒரு முஸ்லிம் உறுப்பினர் தெரிவானார். தந்தை வழி வந்த கட்சிப் பற்று ஒரே நாளில் கரைந்தோடியது.

இதை மக்களின் வெற்றி எனலாம். ஆனால் அதற்கு நான்காண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்ததே! பள்ளிவாசல் நிருவாகத்தாரும், பங்கு மக்களும், கோயில் பெரியோரும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரும் இனி வேட்புமனு நாளுக்கு முன்னரே கூடலாம். அறுவக்காட்டுக்கு என்ன செய்தீர், களப்புக்கு என்ன செய்வீர், மனச்சாட்சிக்கு மாறாக வாக்களிக்க அழைத்தால் எப்படி நடப்பீர் என்று வேட்பாளரை நேர் நிறுத்திக் கேட்கலாம். இதற்குச் சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. புத்தளத்து உப்பளக்காரர் மேகம் கறுக்கும்போதே உப்பை அள்ளிக் குவித்துக் கிடுகால் மூடி விடுவார். மழை பெய்தபின் அழுது பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். வாக்குச் சீட்டைக் கையாள்வோரும் அந்த முன்னெச்சரிக்கையைக் கற்றுக்கொண்டால், இக்கரையோரம் இன்னொரு முறை ஏமாறாது.